நாம் குடிக்கும் ஆற்றில் மின்மினிகள்

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. இடது கண் இன்னும் மங்கல்தான். கட்டு அவிழ்த்த அன்று, "இப்ப நல்லா தெரியுதா பாட்டி?" என்று கேட்டேன். "தெரியுது, தெரியுது. ஆனா இந்த வீட்டுல பார்க்க என்னா இருக்கு? ஒரு தடவ மின்மினி பார்க்கணும். கோலசிலாங்கூருக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

பாட்டி பிறந்து வளர்ந்தது சுங்கை சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்தாங் பெர்ஜுந்தைக்கும் புக்கிட் ரோத்தானுக்கும் இடையில் எங்கோ. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அங்கே இப்போது யாருக்கும் தெரியாது. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பாட்டி மட்டும் பழைய பெயரை விடுவதாக இல்லை.

நானோ பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த விளக்கு வரிசை, தீபாவளிக் காலத்தில் துன் சம்பந்தன் சாலையில் தொங்குவதுதான். இருபது வயதுவரை உயிருள்ள மின்மினியை நேரில் பார்த்ததே இல்லை. தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பில் மின்மினி பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். அதற்கு ஆசிரியர் 'மிக நன்று' போட்டதும் நினைவிருக்கிறது. பார்க்காததைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்குவது நமக்குப் புதிதல்லவே.

நிலவில்லாத இரவில்தான் மின்மினி நன்றாகத் தெரியும் என்று இணையத்தில் படித்துவிட்டு, அமாவாசைக்குப் போகலாம் என்றேன். அன்று பாட்டிக்கு விரதம். "தாத்தாவுக்குப் படைக்கணும். மறுநாள் போவோம்" என்றார். மறுநாளே போனோம். மாமா காரோட்டினார். கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகச் சாலை நெடுகச் செம்பனை. பாட்டி வழியெல்லாம் சன்னல் பக்கமே திரும்பியிருந்தார். "இதெல்லாம் பால்மரமா இருந்துச்சு" என்று குறைந்தது ஐந்து தடவை சொன்னார்.

கடலும் ஆறும் சேரும் இடத்தில்

மின்மினிக்கு இருட்ட வேண்டுமே. அதுவரை கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் நேரத்தைப் போக்கினோம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், புக்கிட் மெலாவாத்தி குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது இந்தப் பூங்கா. மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987இல் உருவானது. கடல்நீர் உள்ளே வராமலிருக்க அந்தக் காலத்தில் எழுப்பிய நீண்ட மண் கரை ஒன்று பூங்காவின் குறுக்கே ஓடுகிறது. கரைக்கு உட்புறம் ஒரு காடு, வெளிப்புறம் இன்னொரு காடு. உள்ளே அத்தி மரங்களும் உவர்நீர்க் குளமும். வெளியே அலை ஏறி இறங்கும் சேற்றில் வேரூன்றி நிற்கும் சதுப்புநிலக் காடு. நூறு மீட்டர் நடப்பதற்குள் நிலமே மாறிவிடுகிறது.

சேற்றில் மீன்கள் நடந்துகொண்டிருந்தன. ஆம், நடக்கின்றன. மலாயில் 'பெலாச்சாக்' எனப்படும் சேற்று மீன், முன்துடுப்புகளை ஊன்றித் தத்தித் தத்திப் போகிறது. வாயிலும் செவுளறையிலும் நீரைத் தேக்கிக்கொண்டு, ஈரத் தோல் வழியாகவும் மூச்சு வாங்கி, தண்ணீருக்கு வெளியே வெகுநேரம் இருக்க அதனால் முடியும்.

குன்றின் மேலே சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள். இவற்றின் குட்டிகள் பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் தாயைப் போலக் கருஞ்சாம்பலாக மாறிவிடும். ஒரு தாய் ஆரஞ்சுக் குட்டியை மார்போடு அணைத்தபடி, சுற்றுலாப் பயணி ஒருவர் நீட்டிய பயற்றங்காயை வாங்கியது. எல்லாரும் படம் பிடித்தார்கள், நானும்தான். இலை தின்ன வேண்டிய குரங்குக்கு நாம் ரொட்டியும் நிலக்கடலையும் கொடுத்துப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் எதுவும் சொல்லவில்லை, படம் நன்றாக வந்திருந்தது.

கம்போங் குவாந்தானில் இரவு

முகத்துவாரத்திலிருந்து சற்று உள்நோக்கிப் போனால் கம்போங் குவாந்தான். துடுப்புப் போடும் சிறு சம்பான்களில் ஆளுக்கொரு மிதவை அங்கி மாட்டி ஏற்றுகிறார்கள். இயந்திரச் சத்தம் கிடையாது. படகோட்டும் பாக்சிக், பாட்டியைக் கைபிடித்து இறக்கி, "பெலான்-பெலான், ஆச்சி" என்றார். உட்கார்ந்ததும் பாட்டி மலாயில் பேச ஆரம்பித்துவிட்டார். தன் தோட்டம் எது, எந்தத் துறையில் அப்பா தூண்டில் போடுவார், எத்தனை பெரிய உடாங் காலா கிடைக்கும் என்றெல்லாம். அந்த ஆற்று இறால் பற்றி ஒரு வார்த்தை. அது வாழ்வது நன்னீரில். ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்க உவர்நீர் வேண்டும். எனவே தாய் இறால் முட்டைகளைச் சுமந்துகொண்டு கடல் பக்கம் இறங்கி வருகிறது, குஞ்சுகள் வளர்ந்ததும் ஆற்றில் மேலேறுகின்றன. நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இந்தப் பகுதி இல்லையென்றால் பாட்டியின் அப்பா தூண்டிலில் இறால் இல்லை.

முதலில் எதுவும் தெரியவில்லை. இரு கரையிலும் கரிய மரங்கள். ஒரு வளைவு திரும்பியதும் மாமா "ஐயோ!" என்றார். ஒரு மரம் முழுக்க சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள். சும்மா மினுங்கவில்லை. எல்லாம் சேர்ந்து எரிந்தன, சேர்ந்து அணைந்தன, மறுபடி சேர்ந்து எரிந்தன. யாரோ சுவிட்சைத் தட்டித் தட்டி விளையாடுவது போல.

நான் பாட்டியைப் பார்த்தேன். பாட்டி வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க கண்ணு? இருட்டாதானே இருக்கு?" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். பாக்சிக் புரிந்துகொண்டார் போல. துடுப்பை ஆழ ஊன்றிச் சம்பானைக் கரைக்கு அருகே, கிளைகள் தலையில் உரசும் அளவுக்குக் கொண்டுபோனார். வழக்கமாக அவ்வளவு நெருங்குவதில்லையாம். கிளை ஒரு முழ தூரத்தில் இருந்தபோது பாட்டி வாயைத் திறந்தார், பேசவில்லை. ஒரு பூச்சி அவர் சேலை முந்தானையில் வந்து உட்கார்ந்து, மரத்தில் இருப்பவை எரியும்போதெல்லாம் தானும் எரிந்துகொண்டிருந்தது.

"இது கூட்டத்தோட இல்லாட்டியும் தாளம் தப்ப மாட்டேங்குதே" என்றார் பாட்டி சற்று நேரம் கழித்து.

அந்தத் தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்குள்ள மின்மினியின் அறிவியல் பெயர் 'டெராப்டிக்ஸ் டெனர்'. அரிசியைவிடச் சற்றே பெரியது, வண்டு இனத்தைச் சேர்ந்தது. ஆண் பூச்சிகள்தாம் நொடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை ஒரே தாளத்தில் மின்னுகின்றன. பெண்ணைக் கவரத்தான். வயிற்றின் கடைசிப் பகுதியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு உயிர்வளியுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. படிவம் ஆறு உயிரியல் படித்தவர்களுக்கு ஏ.டி.பி. நினைவிருக்கும். இங்கேயும் சக்தி கொடுப்பது அதுதான். இந்த ஒளியில் சூடு கிட்டத்தட்ட இல்லை.

ஆயிரக்கணக்கான பூச்சிகள் தலைவன் இல்லாமல் எப்படி ஒன்றாக மின்னுகின்றன? ஒவ்வொன்றுக்கும் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. பக்கத்தில் உள்ளது மின்னுவதைக் கண்டால் தன் கடிகாரத்தைச் சற்று நகர்த்திக்கொள்கிறது. ஒவ்வொன்றும் இப்படி நகர்த்த நகர்த்த, கடைசியில் எல்லாம் ஒரே நேரத்துக்கு வந்து சேர்கின்றன. இதே கருத்தை வைத்து 1990இல் மிரோலோ, ஸ்ட்ரோகட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் சமன்பாடுகள் மூலம் ஒரு நிரூபணம் எழுதினார்கள். எந்த வரிசையில் தொடங்கினாலும், ஏறக்குறைய எப்போதும் முடிவு ஒரே தாளம்தான் என்று காட்டியது அந்தக் கட்டுரை. கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் தம்பி தங்கைகள் கம்போங் குவாந்தானுக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம்.

பூச்சிகள் கூடும் மரத்தின் பெயர் பெரேம்பாங். சதுப்புநில மரங்களிலேயே ஆற்றில் அதிகம் மேலேறி, உப்பு குறைந்த நீரில் வளர்வது இது. இதன் பூ இரவில் மலர்கிறது. அதைத் தேடி வௌவால்கள் வருகின்றன. இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. பத்துமலைக் குகையில் தங்கும் தேன் வௌவால்கள் இரவில் பல பத்து கிலோமீட்டர் பறந்து கடலோரச் சதுப்புநிலக் காட்டுக்குப் போய் இந்த இன மரங்களின் பூக்களில் தேன் குடிப்பதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே வௌவால்தான் டுரியான் பூவிலும் மகரந்தச் சேர்க்கை செய்கிறது. டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. அது பூக்காத மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது கடலோர மரம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் படியேறும்போது தலைக்கு மேல் இருக்கும் அந்த வௌவால்களுக்கும் இந்த ஆற்றுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மேடை முன்னால், தொட்டில் பின்னால்

சுற்றுலாப் படகில் நாம் பார்ப்பது மேடையை மட்டும்தான். பூச்சி பிறப்பது மரத்தில் அல்ல. பெண் மின்மினி, பெரேம்பாங் வரிசைக்குப் பின்னால் உள்ள ஈரத் தரையில், உதிர்ந்த இலைகளுக்கிடையே முட்டையிடுகிறது. வெளிவரும் புழு மாதக்கணக்கில் அந்தச் சேற்று நிலத்திலேயே நத்தைகளைத் தின்று வளர்கிறது. புழுவும் லேசாக ஒளிரும். மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைத்த பிறகுதான் மரத்துக்கு வருகிறது. மரத்தில் அது இருப்பது வாழ்க்கையின் கடைசி சில வாரங்கள்.

ஆகவே ஆற்றோரத்தில் ஒற்றை வரிசை மரங்களை மட்டும் விட்டுவிட்டு, பின்னால் உள்ளதை மட்டமாக்கிச் செம்பனை நட்டால் என்ன ஆகும்? மரம் அப்படியே நிற்கும். ஆனால் விளக்குகள் ஒவ்வோர் ஆண்டும் குறையும். ஏனென்று படகிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கடலேற்றத்தின்போது நனைந்து, இறக்கத்தின்போது வடியும் நிலம்தான் நத்தைக்கு வேண்டும். உயர்ந்த மண் கரை எழுப்பி அந்த நிலத்தைக் காய வைத்தாலும் அதே கதிதான். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வடிகால் வழியே சேர்ந்தால் நத்தையும் இல்லை, புழுவும் இல்லை.

பாட்டி சொன்ன ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். அவர்கள் காலத்தில் லயங்கள் மேட்டில்தான் இருந்தன. ஆற்றங்கரைத் தாழ்நிலத்தை யாரும் தொடவில்லை. "அது தண்ணி வர்ற எடம். வருசத்துக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறும், அப்புறம் போயிரும். அங்க நிப்பா ஓலையும், ரும்பியா மரமும், பாம்பும்தான்" என்றார். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது, வடிகால் வெட்டினார்கள், ஆட்கள் குறைந்தார்கள், தாத்தா கிள்ளானுக்கு வேலை தேடி வந்தார். தாழ்நிலத்தைத் தொடாமல் விட்டது இயற்கையின் மீதுள்ள அன்பினால் அல்ல, அதனால் இலாபம் இல்லை என்பதால். அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தோட்டக் காலத்தைப் பொற்காலம் ஆக்க எனக்கு விருப்பமில்லை. பாட்டி எட்டு வயதில் பால் சட்டி சுமந்தவர்.

ஆறு பெருகும்போது பரவிக்கொள்ளும் இந்தத் தாழ்நிலத்தைத்தான் வெள்ளச் சமவெளி என்கிறார்கள். கிள்ளான் ஆற்றுக்கும் அப்படி ஒரு சமவெளி இருந்தது. அதன்மேல் நாம் வீடமைப்புப் பகுதிகள் கட்டினோம். 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் நேரிலேயே அனுபவித்திருப்பீர்கள்.

என் பாடப்புத்தகத்தில் ஆறு முடியும் இடம்

நான் படிப்பது சிவில் பொறியியல், இரண்டாம் ஆண்டு. அணைக்கட்டு, நீரேற்று நிலையம் என்றால் எனக்கு உயிர். சென்ற பருவத்தில் எங்கள் குழு செய்த இடுபணியே சுங்கை சிலாங்கூர் நீர் விநியோகம் பற்றியதுதான். பிரேசர் மலைப் பக்கம் தித்திவங்சா தொடரில் பிறந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கொடுக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பல் துலக்கும் தண்ணீர் உட்பட.

நாங்கள் வரைந்த படத்தில் ஆறு மலையில் தொடங்கி, கோல குபு பாருவில் உள்ள அணையைத் தாண்டி, பெஸ்தாரி ஜெயா பக்கம் உள்ள நீரெடுப்பு முனைகளில் முடிந்துவிட்டது. அங்கே ஒரு அம்புக்குறி போட்டு 'கடல்' என்று எழுதியிருந்தோம். கம்போங் குவாந்தான் இருப்பது அந்த அம்புக்குறிக்குள். எங்களுக்கு நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது. சம்பானில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த அம்புக்குறி ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

சுங்கை சிலாங்கூர் அணை 2000களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதற்காக கம்போங் கெராச்சி, கம்போங் பெரெத்தாக் ஆகிய இரண்டு தெமுவான் பூர்வக்குடிக் கிராமங்கள் இடம் மாற்றப்பட்டன. அணை திட்டத்தில் இருந்தபோதே மின்மினிகள் என்ன ஆகும் என்ற கேள்வியை இயற்கை ஆர்வலர்கள் எழுப்பினார்கள். காரணம் எளிது. மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் கடலேற்றத்தின் உப்பு மேலும் உள்ளே வரும். நன்னீர் கூடினால் உப்பு பின்வாங்கும். பெரேம்பாங் மரமும் நத்தையும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பட்டையில் வாழ்பவை. ஆற்றில் எவ்வளவு நீரை எடுக்கலாம் என்று பொறியாளர் போடும் கணக்கு, அந்தப் பட்டை எங்கே இருக்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

அதற்காக அணையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2014இல் மழை பொய்த்து, அணை நீர்மட்டம் 40 விழுக்காட்டுக்கும் கீழே போய், கிள்ளான் பள்ளத்தாக்கில் பங்கீட்டு முறையில் தண்ணீர் விட்ட மாதங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அப்போது எனக்குப் பத்து வயது. வாளிகளை நிரப்புவது என் வேலை. பிறகு 2020 செப்டம்பர் 3. ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் யாரோ கொட்டிய கழிவு சுங்கை சிலாங்கூரில் கலந்து, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. 1,292 பகுதிகளில் குழாய் வறண்டது. அப்போது நான் நான்காம் படிவம். முகக்கவரி மாட்டிக்கொண்டு, குளிக்காமல், ஒரு போத்தல் தண்ணீரில் முகம் கழுவிப் பள்ளிக்குப் போனோம். 'கைகளை அடிக்கடி கழுவுங்கள்' என்ற சுவரொட்டி பள்ளி வாசலில் ஒட்டியிருந்தது.

அந்த வாரம் எல்லா நாளிதழ்களும் குழாய்களைப் பற்றி எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் நமக்கு லாரியில் தண்ணீர் வந்தது. ஆற்றில் இருந்த நத்தைக்கும் இறாலுக்கும் வேறு ஆறு இல்லை என்பது அன்று என் மண்டையில் ஏறவில்லை.

இந்த ஆறு மனிதர் போட்ட கணக்கைப் பொய்யாக்குவது புதிதுமல்ல. 1883இல் கோல குபுவில் பழைய அணை உடைந்து ஊரையே அடித்துச் சென்றது. அதன்பின் மீண்டும் மீண்டும் வெள்ளம் வரவே, ஊரை மேட்டுக்கு மாற்றிப் 'பாரு' (புதிய) என்று பெயரிட்டார்கள்.

சட்டம் இருக்கிறது, எண்ணவும் வழி இருக்கிறது

2009இல் சிலாங்கூர் மாநில அரசு இந்த ஆற்றோரத்தை, 1999ஆம் ஆண்டு சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியச் சட்டத்தின்கீழ் மின்மினிப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவித்தது. லுவாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த வாரியம் இதைக் கவனிக்கிறது. ஒரு பூச்சிக்காக ஆற்றங்கரையை அரசிதழில் ஏற்றுவது சின்ன விஷயமல்ல. மறு ஆண்டே, 2010இல், பல நாட்டு மின்மினி ஆய்வாளர்கள் சிலாங்கூரில் கூடி, உலகெங்கும் மின்மினிகளைக் காக்கும் 'சிலாங்கூர் பிரகடனத்தை' வெளியிட்டார்கள். நம் மாநிலத்தின் பெயரில் இப்படி ஒரு ஆவணம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இருட்டில் மின்னும் பூச்சிகளை எப்படி எண்ணுவது என்ற சிக்கலுக்கும் இங்கேயே விடை கண்டார்கள். மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள், ஒவ்வொரு மரத்தையும் இரவில் டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து, ஒளிப்புள்ளிகளைக் கணினியால் கணக்கிடும் முறையை உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவில் கூட்டமாக மின்னும் மின்மினிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று 2003இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதியவர் நல்லகுமார். நூலகத்தில் அந்தப் பெயரைக் கண்டபோது ஏனோ நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் செம்பட்டியலில் நம் டெராப்டிக்ஸ் டெனர் இப்போது 'அழிவுக்கு உள்ளாகக்கூடிய' இனமாக இருக்கிறது. சதுப்புநிலம் அழிவது, கரையோர வளர்ச்சி, மின்விளக்கு வெளிச்சம் எல்லாம் சேர்ந்த காரணம். வெளிச்சம் நாமே செய்யும் தவறு. எங்களுக்கு முன்னால் போன சம்பானில் ஒருவர் கைப்பேசியில் ஃபிளாஷ் போட்டுப் படமெடுத்தார். பளீரென்ற அந்த ஒரு நொடியில் கிளையில் இருந்தவை தாளம் கலைந்து அணைந்தன. படத்தில் அவருக்கு இலைகள் மட்டுமே விழுந்திருக்கும். கைப்பேசியால் எடுக்க முடியாது, வீண் முயற்சி. பையிலேயே வைத்திருங்கள்.

திரும்பும்போது பாட்டி பாக்சிக்கிடம், முன்பெல்லாம் இரு கரையிலும் மரம் விடாமல் எரியுமே, இப்போது ஏன் இடையிடையே இருட்டு என்று கேட்டார். பாக்சிக் துடுப்பால் காட்டினார். ஒரு இடத்தில் கரை அரித்து மரம் ஆற்றில் சாய்ந்துவிட்டதாம். இன்னொன்று நிற்கிறது, ஆனால் பூச்சி வருவதில்லையாம். "எந்தா, ஆச்சி. போக்கோக் அடா, டியா தா மாவ்" என்றார். ஏனோ தெரியாது, மரம் இருக்கிறது, அதுகளுக்குத் தான் வேண்டாமாம். தன் மகன் படகுத் தொழிலுக்கு வரவில்லை, ரவாங்கில் தொழிற்சாலை வேலை என்றும் சொன்னார். அதற்குப் பாட்டி, தன் பேரன் அணைக்கட்டு கட்டப் படிக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். பாக்சிக் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

போக விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். இரவு எட்டு மணிக்கு மேல், மழையில்லாத, நிலவில்லாத நாளாகப் பாருங்கள். மழை கொட்டினால் படகு இல்லை. நீளக் கைச்சட்டை போடுங்கள், கொசு உண்டு. கொசு மருந்தைப் படகில் ஏறியபின் தெளிக்காதீர்கள். மாலையில் இயற்கைப் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். ஜூலை முதல் வார இறுதி உலக மின்மினி நாள். பள்ளி இயற்கைக் கழகங்கள் பயணம் போட ஏற்ற சாக்கு.

காரில் வரும்போது பாட்டி, மின்மினி என்பது செத்தவர்களின் நகம் என்று பக்கத்து கம்பத்து மலாய்ப் பிள்ளைகள் சொல்வார்கள், அதனால் தான் ஒருநாளும் அதைப் போத்தலில் அடைத்ததில்லை என்றார். அமாவாசைக்கு மறுநாள் அதைச் சொன்னதால் மாமா சற்று நேரம் பேசவே இல்லை. காப்பார் தாண்டியதும் பாட்டி தூங்கிவிட்டார்.

இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை அடுத்த மாதம். கட்டு அவிழ்த்ததும் மறுபடி போக வேண்டும் என்கிறார், இம்முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. கிள்ளான் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் ஓர் அமாவாசைக்கு அடுத்த நாளைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பாக்சிக்கின் தொலைபேசி எண் அதற்குக் கீழே.

எங்கள் குழு இடுபணியின் இரண்டாம் பாகம் இந்தப் பருவத்தில். படத்தை நான் மறுபடி வரைகிறேன். நீரெடுப்பு முனையிலிருந்து கடல்வரை எவ்வளவு தூரம், வறட்சிக் காலத்தில் அங்கே எவ்வளவு நீர் மிஞ்சுகிறது என்ற இரண்டு எண்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். குழுவில் மற்ற மூவரும் இது எதற்கு, கேட்கவே இல்லையே என்கிறார்கள். அவர்களையும் அந்த வட்டம் போட்ட நாளில் காரில் ஏற்றலாமா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். ஐந்து பேருக்கு மேல் இடமில்லை என்கிறார்.